சர்க்கிளா, சைக்கிளா?

"டிரா எ சர்க்கிள்!" என்றேன்.

எங்கள் வீட்டுத் திண்ணையில் பதினெட்டுப் பிள்ளைகள். பதினேழு சிலேட்டுகளில் வட்டம் வந்துவிட்டது. கோணலோ மாணலோ, வட்டம்! ஒரு சிலேட்டில் மட்டும் சைக்கிள். ஹேண்டில் பார், சீட்டு, பின்னால் புல்லுக்கட்டு வைக்கிற காரியர் எல்லாம் போட்டு, குனிந்த தலை நிமிராமல் பெடல் வரைந்துகொண்டிருந்தாள் அந்தச் சின்னப் பெண்.

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "ஏண்டி, சர்க்கிள் போடச் சொன்னா சைக்கிளைப் போட்டு வெச்சிருக்கே!" என்று சிலேட்டை வாங்கி எல்லாருக்கும் தூக்கிக் காட்டினேன். திண்ணையே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. சிலேட்டைத் திரும்ப வாங்கிப் பாவாடை நுனியால் அழுத்தி அழுத்தித் துடைத்தாள். அவ்வளவுதான். மறுநாள் வகுப்புக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

சகோதரிகளே, நம் பத்திரிகையில் நீங்கள் எத்தனையோ சமையல் குறிப்பும் கைவைத்தியமும் எழுதுகிறீர்கள். நான் எழுதப்போவது நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. அதிலிருந்து நான் கற்றுக்கொண்டது, சின்னக் குழந்தைகள் இருக்கிற வீடுகளுக்கு உபயோகப்படுமே என்றுதான் எழுதத் துணிந்தேன்.

எனக்கு ஊர் திருவையாற்றுக்குப் பக்கம், குடமுருட்டிக் கரை. பிளஸ் டூ வரை படித்தேன். மேலே படிக்க வைக்க வசதி இல்லை. கல்யாணம் பண்ணிக் கொடுத்துவிட்டார்கள். தமிழும் கணக்கும் எனக்கு நன்றாகவே வரும். இங்கிலீஷ் என்றால் மட்டும் வயிற்றில் புளியைக் கரைக்கும். பையன் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு பெற்றோர் கூட்டம். மிஸ் என்னைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ கேட்டார். ஆமாம் என்பதா, இல்லை என்பதா என்று தெரியாமல் "தேங்க் யூ" என்று சொல்லி வைத்தேன். பக்கத்திலிருந்த இரண்டு அம்மாக்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவன் படிப்பு முடிகிற வரைக்கும் கூட்டத்துக்கெல்லாம் அவன் அப்பாவைத்தான் அனுப்பினேன். எனக்குத் தலைவலி, இடுப்புவலி என்று ஏதாவது ஒரு சாக்கு!

அப்படிப்பட்ட நான் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தது ஒரு வேடிக்கைதான். கொரோனா வந்து 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளிக்கூடங்கள், ஒன்றிலிருந்து எட்டாவது வரை படிக்கிற பிள்ளைகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. போன் இருந்த வீட்டுப் பிள்ளைகள் எதையோ பார்த்துப் படித்தன. போன் இல்லாத பிள்ளைகள் ஆற்றங்கரையே கதி என்று கிடந்தன. அந்தச் சமயத்தில்தான், 2021 அக்டோபரில், தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்று ஒரு திட்டம் தொடங்கிற்று. சாயங்கால வேளையில் அந்தந்தத் தெருவிலேயே, ஒரு தன்னார்வலரிடம் சுமார் இருபது பிள்ளைகள். பிளஸ் டூ படித்திருந்தால் ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை சொல்லிக்கொடுக்கலாம். மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. "வீட்டிலே சும்மாத்தானே இருக்கே, பேர் கொடேன்" என்றார் என் வீட்டுக்காரர். (சும்மா இருக்கிறோமாம்! அதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.) பேர் கொடுத்தேன்.

தமிழும் கணக்கும் நன்றாகவே போயிற்று. இங்கிலீஷ் வரும்போது மட்டும் எனக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தார்களோ அப்படியேதான் நானும் செய்தேன். சுவரில் ஒரு படம். வட்டத்தைக் குச்சியால் தட்டி "சர்க்கிள்" என்பேன். பிள்ளைகள் "சர்க்கிள்" என்று பத்துத் தரம் கத்துவார்கள். அடுத்தது "ஸ்கொயர்". அதுவும் பத்துத் தரம். தெருக்கோடி வரை கேட்கும். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

2022 மார்கழியில்தான் அந்தச் சைக்கிள் விஷயம் நடந்தது. அவள் மூன்றாம் வகுப்பு. கணக்குப் பண்ணிப் பாருங்கள். அவள் ஒன்றாவதில் இருந்த 2020-21-ல் பள்ளிக்கூட வாசலையே மிதித்திருக்க மாட்டாள். இதற்காகவே அரசாங்கமும் 2022 ஜூனில், ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' என்று ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. இதெல்லாம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்திருந்தும் சிரித்தேனே!

மூன்றாம் நாள் பொழுது விடிந்ததும் அவள் வீட்டைத் தேடிப் போனேன். கீழத்தெரு. எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதுவரை நான் கால் வைக்காத தெரு. அதை இங்கே எழுதவும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவள் அம்மா தூக்குவாளியும் கையுமாக வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறிப்போய்த் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஏன் பாப்பாவை அனுப்பலை?" என்றேன்.

"அதுக்குப் படிப்பு ஏறலக்கா. இங்கிலீசு வாயிலயே நுழையலயாம். எல்லாரும் சிரிக்கிறாங்கன்னு அழுவுது. ஆட்டுக்குட்டியப் பாத்துக்கிட்டுக் கெடக்கட்டும். மக்கு, என்ன பண்றது?"

யார் சிரித்தார்கள் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பேச வாய் வராமல் குனிந்துகொண்டேன். அப்போதுதான் காலடியில் கிடந்த கோலத்தைப் பார்த்தேன்.

அது ஊடுபுள்ளிக் கோலம். நடு வரிசையில் 9 புள்ளி. மேலேயும் கீழேயும் ஒவ்வொன்றாகக் குறைந்து ஐந்தில் நிற்கிறது. மொத்தம் 61 புள்ளி. நடுவில் ஒரு நட்சத்திரம், அதைச் சுற்றிப் பூ, பூவைச் சுற்றி இழை பிசகாத ஒரு வட்டம். ஓரத்தில் சாணி உருண்டையில் ஒரு பூசணிப்பூ.

"நீ போட்டதா?"

"நான் எங்கக்கா போடறது? விடியறதுக்குள்ள சோத்த ஆக்கி வெச்சிட்டு ஓடறேன். அதுதான் போட்டுச்சு. மார்கழி முழுக்க அதுதான்."

அந்தப் பெண் ஆட்டுக்குட்டியைக் கட்டிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றாள். கூப்பிட்டேன், வரவில்லை. கோலத்துக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன். "இதுல வட்டம் எது கண்ணு?" என்றேன். மெதுவாக வந்து காட்டினாள். "முக்கோணம்?" நட்சத்திரத்தின் ஆறு முனைகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். "சதுரம்?"

கோலத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "இதுல சதுரம் வராது அத்தே. அதுக்கு நேர்ப்புள்ளி வெக்கணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானும் முப்பது வருஷத்துக்கு மேலாகக் கோலம் போடுகிறேன். புள்ளிக்குப் புள்ளி சேர்த்தால் நேர்ப்புள்ளியில் சதுரம் வரும், ஊடுபுள்ளியில் முக்கோணமும் அறுகோணமும் வரும், சதுரம் வரவே வராது என்று ஒரு நாளாவது யோசித்திருப்பேனா? எட்டு வயசுப் பெண் சொல்கிறாள். இவளையா மக்கு என்கிறோம்? அவளுக்கு வடிவம் எல்லாமே தெரியும். இங்கிலீஷில் அதற்குப் பேர்தான் தெரியாது. பேர் தெரியாததையே ஒன்றுமே தெரியாதது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்துக் கூட்டத்தில் "தேங்க் யூ" சொன்ன என்னை அந்த அம்மாக்களும் அப்படித்தானே எடுத்துக்கொண்டார்கள்?

"நான் சிரிச்சது தப்பு கண்ணு" என்றேன். அம்மாக்காரிதான் சங்கடப்பட்டுப் போய் "அதெல்லாம் என்னக்கா..." என்றாள். பெண் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் வந்தாள். ஆட்டுக்குட்டியையும் கூடவே கூட்டிக்கொண்டு!

அன்றைக்கு ஒரு பரீட்சை வைத்துப் பார்த்தேன். எல்லாரையும் முதுகுக்கு முதுகு உட்கார வைத்து, ஒருத்தர் சிலேட்டை ஒருத்தர் பார்க்கக் கூடாது என்று சொல்லி, மறுபடி "டிரா எ சர்க்கிள்" என்றேன். சரியாகப் போட்டது ஆறே பேர்! மற்றவர்கள் அன்றைக்குப் பக்கத்து சிலேட்டைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள். பத்துத் தரம் கத்தினதில் தொண்டைதான் வறண்டது, மண்டையில் ஒன்றும் தங்கவில்லை. சைக்கிள் போட்டவளாவது தன் காதில் விழுந்ததை நம்பிப் போட்டாள்.

என் தங்கை பெண் அப்போது பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். பொங்கலுக்கு வந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்க மூணாவது படியிலேர்ந்து ஆரம்பிச்சிருக்கீங்க பெரியம்மா" என்றாள். மாண்டிசோரி அம்மையாரைப் பற்றி அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இத்தாலி தேசத்து டாக்டரம்மா. 1907-ல் ரோமாபுரியில் ஏழைத் தொழிலாளிகளின் குழந்தைகளுக்காகப் பள்ளி நடத்தியவர். 1939-ல் நம் சென்னை அடையாற்றுக்கு வந்து, யுத்தம் மூண்டதால் திரும்பிப் போக முடியாமல் நம் தேசத்திலேயே தங்கி, எத்தனையோ ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுத்தாராம். அவர் முறையில் வடிவங்களைக் கட்டையில் செய்து, குழந்தை அதன் விளிம்பை விரலால் தடவித் தடவிப் பார்க்குமாம். பேரைச் சொல்லிக்கொடுப்பதற்கு மூன்று படி. முதலில் நாம் காட்டி "இது வட்டம்" என்று சொல்வது. இரண்டாவது, பலவற்றை வைத்து "வட்டத்தைக் காட்டு" என்பது. குழந்தை வாயைத் திறக்க வேண்டாம், கையால் காட்டினால் போதும். மூன்றாவதாகத்தான் "இது என்ன?" என்று கேட்பது. இரண்டாவது படியில் எத்தனை நாள் வேண்டுமானாலும் நிற்கலாமாம்.

எனக்குப் பளிச்சென்று ஆகிவிட்டது. அந்தப் பெண் வாசலில் கையால் காட்டினது இரண்டாவது படிதானே? நம் கோலம் இருக்கும்போது கட்டைக்கு எங்கே போவது?

அதற்குப் பிறகு எங்கள் திண்ணை வகுப்பு மாறிப் போயிற்று. படத்தைச் சுருட்டி உள்ளே வைத்தேன். வாசலைக் கழுவி, அரிசி மாவைக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தேன். 5 நேர்ப்புள்ளி 5 வரிசை. ஓரப் புள்ளிகளைச் சேர்த்தால் பெரிய சதுரம். "திஸ் இஸ் எ ஸ்கொயர்." உள்ளே எத்தனை குட்டிச் சதுரம்? "ஷோ மீ எ ஸ்மால் ஸ்கொயர்." ஒவ்வொருத்தராக வந்து விரலால் சுற்றி வருவார்கள். பேச வேண்டியதில்லை. நாலு நாள் கழித்துத்தான் "வாட் இஸ் திஸ்?" என்று கேட்டேன். கேட்பதற்குள் பதில் வந்தது.

பையன்கள் முறுக்கிக்கொண்டார்கள். "கோலம் பொம்பளப் புள்ளைங்க போடறது" என்றான் ஒருத்தன். சரி என்று ஆற்று மணலுக்கு அழைத்துப் போனேன். ஒரு முளைக்குச்சியை அடித்துக் கயிற்றைக் கட்டி, "மாட்டை முளையிலே கட்டி மேய விட்டா எப்படி மேயும்?" என்றேன். "சுத்திச் சுத்தி!" "நீதான் மாடு, கயித்தை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு ஓடு!" கையில் குச்சியோடு ஓடினான். மணலில் அச்சாக ஒரு வட்டம் விழுந்தது. "திஸ் இஸ் எ பிக் சர்க்கிள்" என்றேன். நடுவில் இருக்கிற முளை, சென்டர். கயிறு தளர்ந்தால் வட்டம் கெட்டுப்போகும் என்பதை அவனே கண்டுபிடித்துவிட்டான். மறுநாளிலிருந்து கோலம் போடவும் பையன்கள் வந்தார்கள்.

இன்னொரு வேடிக்கை. முக்கோணத்தைத் தலைகீழாகப் போட்டுக் காட்டினால் "ட்ரையாங்கிள் இல்லை" என்று அடித்துச் சொன்னார்கள். சதுரத்தைச் சாய்த்துப் போட்டால் "டைமண்டு" என்றார்கள். என் தங்கை பெண்ணிடம் கேட்டேன். ஹாலந்து தேசத்தில் வான் ஹீலே என்று ஒரு ஆசிரியத் தம்பதி, 1957-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்களாம். சின்னக் குழந்தைகள் முதலில் வடிவத்தை மொத்தமாகப் பார்த்துத்தான் அடையாளம் சொல்லும். பக்கம் எத்தனை, மூலை எத்தனை என்று எண்ணுவது அடுத்த கட்டம். எப்போதும் உட்கார்ந்தபடியே இருக்கிற முக்கோணத்தைக் காட்டினால் அதுதான் முக்கோணம் என்று மனசில் பதிந்துவிடும்.

இதற்கும் கோலம்தான் மருந்து. 5 நேர்ப்புள்ளி, 1 வரை குறைத்து வையுங்கள்: 1, 3, 5, 3, 1. பதின்மூன்று புள்ளி. முனைப்புள்ளிகளைச் சேர்த்தால் சாய்ந்த சதுரம். வாசலில் போட்டுவிட்டு, பிள்ளைகளைச் சுற்றி நடக்கச் சொன்னேன். படி பக்கம் நின்றால் டைமண்டு, மூலைக்குப் போய் நின்றால் ஸ்கொயர்! "நாமதான் நகர்ந்தோம், அது நகரலையே" என்றான் ஒரு வாண்டு. கோலத்தில் எவ்வளவு விஷயம் இருக்கிறது பாருங்கள். தாம்பரம் சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி என்ற பேராசிரியரும் அவரைச் சேர்ந்தவர்களும் 1970-களிலேயே கோலத்தைக் கம்ப்யூட்டர் இலக்கணத்தோடு சேர்த்து ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். நாம் வாசலில் போட்டுவிட்டு மிதித்துக்கொண்டு போகிறோம்!

பிள்ளைகளுக்குச் சொல்வதற்காக நானும் அகராதியைப் புரட்ட ஆரம்பித்தேன். முக்கோணம் என்றால் மூன்று கோணம். ட்ரையாங்கிள் என்றாலும் அதேதான்: 'ட்ரை' மூன்று, 'ஆங்கிள்' கோணம். செவ்வகத்தில் 'செம்மை' இருக்கிறது; ரெக்டாங்கிளில் இருக்கிற 'ரெக்ட்' என்பதற்கும் லத்தீனில் நேரானது என்றுதான் அர்த்தமாம். "பெரிய சிவப்பு வட்டம்" என்று நாம் சொல்கிற அதே வரிசையில்தான் "எ பிக் ரெட் சர்க்கிள்" என்று அவர்களும் சொல்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டபோது, இங்கிலீஷ் நாம் நினைத்த மாதிரி பூதம் இல்லை என்று எனக்கே தைரியம் வந்தது. இந்த வயசில்!

வீட்டில் குழந்தைகளோடு நீங்களும் செய்து பார்க்க, எங்கள் திண்ணையில் பலித்த சிலவற்றைச் சொல்கிறேன்.

மஞ்சள் பைக்குள் பூரிப்பலகை, தீப்பெட்டி, கிண்ண மூடி, வளையல் என்று போட்டு, குழந்தை கையை விட்டுத் தடவியே வடிவத்தைச் சொல்லட்டும். வாய் வராத குழந்தை, தரையில் வரைந்து காட்டட்டும்.

காய்கறி அச்சு குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் நட்சத்திரப் பூ மாதிரி விழும். எத்தனை பட்டை என்று எண்ணச் சொல்லுங்கள். கேரட்டைக் குறுக்கே வெட்டினால் வட்டம், சாய்த்து வெட்டினால் ஓவல். உருளைக்கிழங்கை நாமே சதுரமாகவும் முக்கோணமாகவும் செதுக்கிக் கொடுக்கலாம். கத்தி மட்டும் நம் கையிலேயே இருக்கட்டும். வர்ணத்துக்கு மஞ்சள் கரைசல், பீட்ரூட் சாறு, கீரைச் சாறு போதும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் அழகாகச் சிவக்கும்தான். ஆனால் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பேராபத்து. குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

பழைய காகிதத்தைச் சதுரமாக வெட்டி மூலைக்கு மூலை மடித்தால் இரண்டு ட்ரையாங்கிள். நேர்ப் பாதியாக மடித்தால் இரண்டு ரெக்டாங்கிள். "ஃபோல்ட்", "ஓபன்" என்று சொல்லிக்கொண்டே செய்தால் அந்த வார்த்தைகளும் தானே ஒட்டிக்கொள்ளும்.

கோலத்துக்குக் கல்மாவு வேண்டாம், அரிசி மாவே நல்லது. பிள்ளைகள் முகத்தைக் கிட்டே வைத்துக்கொண்டு போடும்போது கல்மாவுத் தூசி மூச்சில் ஏறும். அரிசி மாவு எறும்புக்கும் ஆகாரம். மாவைக் கிள்ளி விடுகிற கட்டை விரலும் ஆள்காட்டி விரலும்தான் பென்சிலையும் பிடிக்கப்போகின்றன. விரலுக்கும் நல்ல பயிற்சி. மூன்று வயசுக்குட்பட்ட குழந்தை பக்கத்தில் இருந்தால் மொச்சை, புளியங்கொட்டை மாதிரியானவற்றை வைத்து வடிவம் அடுக்க வேண்டாம். மூக்கிலோ வாயிலோ போட்டுக்கொண்டுவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம். 'இஸ்கொயர்' என்று சொன்னாலும் சரி, 'டிரங்கிள்' என்று சொன்னாலும் சரி, யாரும் சிரிக்கக் கூடாது. நாம் ஒரு தரம் சரியாகச் சொல்லிவிட்டு மேலே போய்விட வேண்டும். எங்கள் திண்ணையில் இந்தச் சட்டம் எனக்கும் சேர்த்துத்தான்.

அந்தக் கோடை லீவில் பிள்ளைகளைத் தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு அழைத்துப் போனோம். துணைக்கு நாலு அம்மாக்கள். சைக்கிள்காரியின் அம்மாவும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தாள். (சைக்கிள்காரி என்றே பேர் நிலைத்துவிட்டது. இப்போது அதில் அவளுக்குப் பெருமை.) ராஜராஜ சோழன் காலத்தில், 1010-ல் முடித்த கோயில் என்று சொன்னேன். பிள்ளைகள் அதைக் காதில் வாங்கவில்லை. "அத்தே, ரெக்டாங்கிள்!" என்று தூணைக் காட்டினார்கள், "சர்க்கிள்!" என்று கல்லில் செதுக்கிய பூவைக் காட்டினார்கள். சைக்கிள்காரி விமானத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தாள். "அத்தே, கீழே ஸ்கொயர். தூரத்துலேர்ந்து பாத்தா ட்ரையாங்கிள்."

அவள் அம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "அது சொல்றது சரியாக்கா?"

"சரிதான். கீழே நாலு பக்கம், அது சதுரம். மேலே போகப் போகக் குறுகிக்கிட்டே போகுது பார், அதனாலே தள்ளி நின்னா முக்கோணமாத் தெரியுது."

அவள் அண்ணாந்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "எத்தினி தடவ வந்திருக்கேன், எனக்குத் தெரியலையே" என்றாள். பிறகு மகளின் தலையில் கையை வைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் வாயிலிருந்து மக்கு என்ற சொல் வரவில்லை. அதற்குப் பிறகும் நான் கேட்டதில்லை.

எனக்கு ஒதுக்கிய வகுப்பு முடிந்த பிறகும் பிள்ளைகள் வருவதை நிறுத்தவில்லை. நானும் திண்ணை விளக்கை அணைக்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் எல்லாரும் போன பிறகு சைக்கிள்காரி மட்டும் சிலேட்டோடு நின்றாள். பழைய சைக்கிளையே மறுபடி வரைந்திருந்தாள். காரியர், சீட்டு எல்லாம் அப்படியே இருந்தன.

"திஸ் இஸ் மை ஃபாதர் சைக்கிள்" என்றாள். சக்கரங்களைத் தொட்டாள். "டூ சர்க்கிள்." சீட்டுக்குக் கீழே கம்பிகள் சேருகிற இடத்தைத் தொட்டாள். "ட்ரையாங்கிள்."

'ஃபாதர்ஸ்' என்று இருக்க வேண்டும், 'சர்க்கிள்ஸ்' என்று இருக்க வேண்டும். எனக்கே இப்போது அது தெரிகிறது. அதையெல்லாம் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு மூன்று நாள் தள்ளி வந்து என்னிடம் சொல்லத் தெரியாமல் போனதை இத்தனை மாதம் கழித்து இங்கிலீஷிலேயே சொல்கிறாளே!

"வெரி குட்" என்றேன். பிறகு இன்னொன்றும் சொன்னேன். வருஷக்கணக்காக வாயில் நின்றுகொண்டிருந்த வார்த்தை. இந்தத் தடவை சரியான இடத்தில்தான் சொன்னேன்.

"தேங்க் யூ."